வால்வை மூடியவர்

ஐஸ் பேக்டரியில் வேலை பார்க்கிறவர்களுக்கு இரண்டு சீதனம் நிச்சயம். ஒன்று காலில் சேற்றுப்புண், இன்னொன்று காது மந்தம். ரப்பர் பூட்ஸ் போட்டாலும் உப்புத்தண்ணீர் எப்படியோ உள்ளே வந்துவிடும். பஞ்சை அடைத்தாலும் கம்ப்ரசர் சத்தம் எப்படியோ உள்ளே வந்துவிடும். பக்கத்தில் நிற்கிறவனிடம் கொக்கியைக் கேட்பதற்கே தொண்டை நரம்பு புடைக்கக் கத்த வேண்டும், இல்லாவிட்டால் கையை ஆட்டிக் காட்ட வேண்டும். இப்படிக் கத்தியும் ஆட்டியும் அங்கே உள்ள மனுஷர்கள் காலப்போக்கில் இரண்டு ரகமாகிப் போனார்கள். ஒரு ரகம், வீட்டுக்குப் போயும் கத்துகிறவர்கள். இன்னொரு ரகம், வீட்டுக்குப் போயும் பேசாதவர்கள்.

ரேடியோ முதல் ரகம். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருந்தது. அதை வெளியே எடுக்கிறவர் யாருமில்லை. ஐஸ் உடைக்கிற மிஷின் அவர் பொறுப்பு. ஐஸ் பாளத்தைக் கொக்கியால் இழுத்து மிஷின் வாய்க்குள் தள்ளியபடியே அவர் பேசுவார். மிஷின் பாளத்தைப் பொடியாக்கும், அவர் கேட்கிறவனைப் பொடியாக்குவார். "மிஷினுக்காவது சுவிட்ச் இருக்கு, அதுக்கு நான் எங்க போவேன்?" என்பாள் அவர் மனைவி.

வருஷத்தில் ஒரே ஒரு நாள் கம்ப்ரசரை நிறுத்துவார்கள். தகர அச்சுகளில் பாளம் உறைகிற பெரிய தொட்டியிலிருந்து உப்புத்தண்ணீரை இறைத்துவிட்டு, துருவைச் சுரண்டி, பெயின்ட் அடிக்கிற நாள். அன்றைக்கு மட்டும்தான் அந்தக் கூரைக்குக் கீழே ஒருத்தர் பேசினால் இன்னொருத்தர் காதில் விழும். அதனால் பேச வேண்டியதையெல்லாம் அந்த நாளுக்கென்று எடுத்து வைத்திருப்பார்கள். அதில் முக்கியமானது, அந்த வருஷம் செத்துப்போனவர்களைப் பற்றி நாலு வார்த்தை. சுரண்டல் வேலை முடிந்ததும் குடும்பங்கள் வந்துவிடும். தொட்டியை மூடுகிற மரப்பலகைகளை வரிசையாகப் போட்டு எல்லாரும் உட்காருவார்கள். ரேடியோ எழுந்து நிற்பார்.

அவர் பேசினால் செத்தவனே கேட்டுவிட்டு, இன்னொரு தடவை சாகலாம் போலிருக்கே என்று நினைப்பான். யாரிடமும் ஏதாவது ஒரு நல்லதைத் தோண்டி எடுத்துவிடுவார். லாரியில் பாளம் ஏற்றுகிற குடிகாரர் ஒருவர் போய்ச் சேர்ந்த வருஷம், "எவ்வளவு போதையில வந்தாலும் மனுஷன் பாளத்தைக் கீழ போட்டதில்ல. தன்னைத்தான் போட்டுக்குவாரு" என்றார். அந்த ஆள் பெண்டாட்டி பல வருஷத்தில் முதல் தடவையாகப் புருஷனை நினைத்துச் சிரித்தாள்.

இந்த வருஷம் போனவர்கள் இரண்டு பேர். கம்ப்ரசர்காரர், உப்புக்காரர். இருவரும் ரேடியோவோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். அந்தக் காலத்து ஆட்களில் மிச்சம் இப்போது ரேடியோ ஒருவர்தான். மற்றவர்கள் எல்லாம் நேற்று முளைத்த பையன்கள்.

கம்ப்ரசர்காரர் பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. மிஷின் சத்தம் லேசாக மாறினாலும் தூக்கத்தில் எழுந்து உட்காருகிறவர். அவரைப் பற்றிப் பேச விஷயம் லாரி லாரியாக இருந்தது. உப்புக்காரர் இரண்டாம் ரகம். தொட்டியில் உப்பு குறையாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. மூட்டையைத் தோளில் கொண்டு வருவார், கொட்டுவார், விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார், துப்புவார், போவார். அவர் பேசி ரேடியோ கேட்டது, இத்தனை வருஷத்தில், ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடலாம்.

ஆனால் உப்புக்காரரைப் பற்றிச் சொல்ல ஒரு கதை இருந்தது. ஒன்றே ஒன்று. ஊரையே கட்டிப் போடுகிற கதை.

ரொம்ப காலத்துக்கு முன்னால், உப்புக்காரர் மகள் தவழ்கிற வயசில், ஒருநாள் கம்ப்ரசர் குழாயிலிருந்து அமோனியா கேஸ் கசிந்தது. கண்ணில் மிளகாய்ப்பொடியை அள்ளிப் போட்ட மாதிரி. மூச்சை இழுத்தால் நெஞ்சுக்குள் நெருப்பு. எல்லாரும் ஓடினார்கள். அந்த ஓட்டத்தில் ரேடியோதான் முதல் பரிசு. அதை அவரே சொல்லிச் சிரிப்பார். வால்வை மூட வேண்டிய கம்ப்ரசர்காரரும் ஓடினார். வெளியே ரோட்டில் நின்று, நிற்காமல் ஓடியவரையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால் ஒரு ஆள் குறைந்தது. கொஞ்ச நேரத்தில் கேஸ் நின்றது. ஈரச் சாக்கைத் தலையோடு போர்த்தியபடி ஒரு உருவம் தடவித் தடவி வெளியே வந்தது. சாக்கை விலக்கினால் உப்புக்காரர். கழுத்து வெந்திருந்தது. சாக்கை உதறி மடித்து வைத்துவிட்டு, தண்ணீர் கேட்டார்.

அந்தக் கதையைத்தான் ரேடியோ இந்த வருஷம் எடுத்து வைத்திருந்தார். அது கைமாறிப் போனது.

முதலில் கம்ப்ரசர்காரரைப் பற்றித்தான் பேசினார். அவர் குடும்பம் முன்பலகையில் உட்கார்ந்திருந்தது. மனைவி முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். ரேடியோவுக்குப் பேச்சு பொங்கியது. "அண்ணி கோவிச்சுக்கக் கூடாது. அண்ணனுக்கு அந்த மிஷின்தான் மூத்த தாரம்!" என்றார். சிரித்தார்கள். "அதை விட்டு ஒரு நிமிஷம் நகர மாட்டாரு. என்ன வந்தாலும் நகர மாட்டாரு. ஒருநாள் கேஸ் லீக் ஆச்சு..." என்று வாய் ஆரம்பித்துவிட்டது. "நாங்கல்லாம் வாலைச் சுருட்டிக்கிட்டு ஓடினோம். நான்தான் பர்ஸ்ட்டு! திரும்பிப் பார்த்தா, ஈரச் சாக்கைத் தலையில போட்டுக்கிட்டு..."

அந்த இடத்தில்தான் உறைத்தது. ஐயோ, அது இவர் இல்லையே.

நிறுத்தியிருக்கலாம். 'மன்னிச்சுக்கங்க, வாய் தவறிடுச்சு' என்று சொல்லியிருந்தால் ஒரு சிரிப்போடு போயிருக்கும். ஆனால் கம்ப்ரசர்காரர் பேத்தி வாயைப் பிளந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா காலத்துக்குப் பிறகு பேக்டரியை எடுத்த முதலாளி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பையன்கள் பெயின்ட் பிரஷ்ஷோடு அசையாமல் நின்றார்கள். பள்ளத்தில் இறங்குகிற சைக்கிள் மாதிரி பேச்சு தானாகப் போனது. பெடலை மிதிக்க வேண்டிய வேலைகூட இல்லை. வால்வை மூட வைத்து, கழுத்தை வேக வைத்து, கம்ப்ரசர்காரரை வெளியே கொண்டுவந்து சேர்த்தபோது ரேடியோவுக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கை தட்டினார்கள்.

பிறகு உப்புக்காரர் முறை வந்தது. மனசுப் பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமில்லை.

"தங்கமான மனுஷன்" என்றார் ரேடியோ. "இருக்கிற இடம் தெரியாம இருந்தாரு." இன்னும் ஏதாவது வருமா என்று நின்றார். கடைசிப் பலகையில் உப்புக்காரர் மனைவியும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பக்கம் பார்க்காமல், "டீ ஆறுதுப்பா, கொண்டாங்க" என்று முடித்துவிட்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது மனைவி வெகுதூரம் ஒன்றும் பேசவில்லை. அதுவே நல்ல சகுனம் இல்லை.

"சாக்கைப் போர்த்திக்கிட்டுப் போனது உப்புக்கார அண்ணன்தானே?"

"வாய் தவறிடுச்சுடி."

"வாய் தவறினா ஒரு வார்த்தை தவறும். நீங்க ஒரு ஆளையே தவறவிட்டுட்டு வந்திருக்கீங்க."

"இப்ப என்ன கெட்டுப்போச்சு? ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்துட்டாங்க. மேல ரெண்டு பேரும் பேசித் தீர்த்துக்குவாங்க."

"அந்த அண்ணன் மேல போயி மட்டும் பேசிடப் போறாரா?" என்றாள் அவள்.

ரேடியோவுக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் அடைத்துக்கொண்டது.

சில நாள் கழித்து உப்புக்காரர் மனைவி வந்தாள். ஒரே வரிசை வீடுதான்; அவள் வீடு கடைசி. அந்தச் சில நாளும் ரேடியோ அந்த முனைப் பக்கமே போகாமல் சந்து வழியாகச் சுற்றிப் பேக்டரிக்குப் போய் வந்திருந்தார். வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

"உள்ள வாம்மா, தங்கச்சி. டீ போடச் சொல்லட்டா?"

"வேணாம்ண்ணே. ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளும்மா."

"அந்த வால்வை மூடினது யாருண்ணே?"

ரேடியோவின் மனைவி உள்ளே பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினாள்.

"அவருதாம்மா. உன் வீட்டுக்காரருதான். அன்னிக்கு என்னமோ நாக்கு பிசகி..."

"எனக்குத் தெரியும்ண்ணே. ஒரு மாசம் நான்தானே கழுத்துக்கு மருந்து போட்டேன். தழும்புகூட இல்லாம ஆறிடுச்சு. எனக்காக நான் வரல. என் பொண்ணுக்காக வந்தேன்." அவள் கதவு விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அவளுக்கும் அவங்கப்பாவுக்கும் எப்பவுமே ஆகாது. ஸ்கூல்ல பரிசு வாங்கிட்டு வந்து காட்டினா பார்த்துட்டு மேல வச்சுடுவாரு. நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை வராது. 'இந்த ஆளு மனுஷனாம்மா, மரமா?'ன்னு அழுவா. நான் என்ன செய்ய? ஒவ்வொரு தடவையும் இந்த வால்வு கதையைத்தான் சொல்லுவேன். அந்த ஒண்ணை வச்சுத்தான் அவளை அவருகிட்ட இழுத்துப் பிடிச்சு வச்சிருந்தேன்."

"சரிம்மா..."

"இப்ப சொல்றா, 'அவருக்குச் சொல்ல ஒண்ணுமே இல்லன்னு நீயே அடுத்தவரு கதையை எடுத்து அப்பாவுக்கு மாட்டிவிட்டிருக்கே. சின்னப் புள்ளையில இருந்து என்னை ஏமாத்தியிருக்கே'ங்கிறா. அன்னையில இருந்து என்கூடப் பேச்சில்ல. நான் வச்ச சோத்தைத் தொடறதில்ல. வாயே திறக்கறதில்ல." அந்தக் கடைசி வீட்டுப் பக்கம் பார்த்தாள். "அப்படியே அவங்கப்பா."

ரேடியோ அன்று சாயங்காலமே போனார். மகள் மருந்துக்கடை வேலையிலிருந்து வந்து, கடைச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க மாமா."

"அது ஒண்ணுமில்லம்மா, ஒரு சின்ன விஷயம்..." என்று ஆரம்பித்தார். சின்ன விஷயம் என்று வாயில் வந்ததே தப்பு என்று அப்போதே தெரிந்தது. "அன்னிக்கு மாமா ஆளை மாத்திச் சொல்லிட்டேன். வால்வை மூடினது உங்கப்பாதான். எனக்கு வயசாகுதுல்ல, பல்லு ஆடுற மாதிரி நாக்கும் ஆடுது!"

அவள் சிரிக்கவில்லை. "அம்மா வந்து சொல்லச் சொன்னாங்களா?"

"ஆமா... இல்ல, நானா வரணும்னுதான் இருந்தேன்."

"மாமா, நீங்க அன்னிக்கு அத சொல்றப்ப அழுதீங்க. நான் பார்த்தேன்."

"அது வந்தும்மா..."

"இப்ப இத சொல்றப்ப சிரிக்கிறீங்க. நான் எதை நம்பட்டும்?"

ரேடியோ கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். ஆமாம், சிரித்துக்கொண்டுதான் இருந்தார். பயம் வந்தால் அவருக்கு இளிப்பும் கூடவே வந்துவிடும். வாங்கி வந்த வரம். வாயை மூடிப் பார்த்தார். அப்போது அழுகிற மாதிரி ஆகிவிட்டது. அது இன்னும் மோசமாக, நடிப்பு மாதிரி இருந்தது.

"நீங்க நல்லவங்கதான் மாமா. எல்லாரையும் சந்தோஷப்படுத்தணும்னு நினைப்பீங்க. அன்னிக்கு அவங்களை, இன்னிக்கு எங்கள" என்று சொல்லி அவள் பக்கெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதைவிட அவள் செருப்பால் அடித்திருக்கலாம்.

மறுநாள் டீ நேரத்தில் பேக்டரியில் பையன்களைக் கூட்டினார். எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டால் அவள் காதுக்குப் போய்ச் சேரும் என்று கணக்கு. மிஷினை அணைத்துவிட்டு மரத்தூள் மூட்டை மேல் ஏறி நின்றார்.

"டேய், நான் அன்னிக்குச் சொன்னது பொய்யிடா! கம்ப்ரசர்காரரும் என்கூடத்தான் ஓடி வந்தாரு!"

"யாரு பர்ஸ்ட்டு, நீங்களா அவரா?" என்றான் கிரேன் ஓட்டுகிறவன். ஓவென்று சிரித்தார்கள்.

"நிஜமாத்தாண்டா சொல்றேன்!"

"ரேடியோ ஸ்டேஷன் மாத்திடுச்சுடா!"

அவருடைய கத்தலும் அவர்களுடைய சிரிப்பும் கம்ப்ரசர் சத்தத்தில் கலந்து காணாமல் போனது. அவர் இறங்கி மிஷினைப் போட்டார். அன்றைக்கு முழுக்கப் பேசாமல் பாளம் உடைத்தார். உடம்பு சரியில்லையோ என்று முதலாளியே வந்து கேட்டுவிட்டுப் போனார்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு வாய். கம்ப்ரசர்காரர் மனைவியின் வாய். அவர் சொன்னால் அந்தப் பெண் நம்புவாள். ஆனால் அந்த வீட்டுக்குப் போய் என்னவென்று கேட்பது? கொடுத்த பொருளைத் திரும்பக் கேட்கலாம். செத்த புருஷனுக்குக் கொடுத்த பெருமையை, கொடுத்த கை ஈரம் காயும் முன் எப்படித் திரும்பக் கேட்பது?

போனார். வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது பேத்தி. நனைந்த துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு, இருமி இருமி, சமையலறைக் குழாயைத் திருகி மூடிக்கொண்டிருந்தாள்.

"தாத்தா மூடிட்டாரு!" என்று கத்தினாள்.

ரேடியோ திரும்பிப் போய்விடலாமா என்று பார்த்தார். அதற்குள் அண்ணி பார்த்துவிட்டார். முறத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. உக்காருங்க. என்ன இப்படி இளைச்சுட்டீங்க?"

உட்கார்ந்தார். கை சும்மா இருக்காமல் ஒரு பட்டாணியை எடுத்து உரித்தார். இன்னொன்று உரித்தார். முறத்தில் பாதி ஆகும்வரை உரித்தார்.

"பேச வந்தீங்களா, இல்ல எனக்கு ஒத்தாசைக்கு வந்தீங்களா?" என்றார் அண்ணி.

"அண்ணி, அந்த வால்வு..."

"அவரு மூடல."

ரேடியோ நிமிர்ந்தார்.

"அன்னிக்கு வீடு வரைக்கும் ஓடி வந்துட்டாரு தம்பி. ஒரு காலுல செருப்பில்ல. கதவைச் சாத்திட்டு உக்காந்து அழுதாரு. நான்தான் தண்ணி குடுத்தேன்." பட்டாணித் தோலை ஒரு பக்கமாகக் கூட்டினார். "சாகற வரைக்கும் உப்புக்காரரை நேருக்கு நேரா பார்த்ததில்ல. அந்த மனுஷனும் ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்ல. எடுத்திருந்தாக்கூட இவருக்கு நிம்மதியா இருந்திருக்கும்."

"தெரிஞ்சுமா அன்னிக்குச் சும்மா இருந்தீங்க?"

"நீங்க சொன்ன விதம் அப்படி." அண்ணி லேசாகச் சிரித்தார், சிரிப்பு நிற்கவில்லை, வேறு எதுவாகவோ ஆனது. "அப்படியே அவரு சாக்கைப் போர்த்திக்கிட்டு உள்ள போற மாதிரி தெரிஞ்சுது. போயிருக்கக் கூடாதான்னு இருந்துச்சு. கொஞ்ச நேரம் வச்சுக்குவோமேன்னு ஆசை வந்துடுச்சு தம்பி. அடுத்த வீட்டு நகையைப் போட்டுப் பார்க்கிற மாதிரி. இவ வேற" என்று பேத்தியைக் காட்டினார், "நாள் பூரா மூடிக்கிட்டே இருக்கா. யாருக்குக் கழட்ட மனசு வரும்?"

ரேடியோ கடைசி வீட்டில் நடக்கிறதைச் சொன்னார். சோற்றைத் தொடாத மகளை, வாசலில் நின்று கேட்ட தாயை, தான் இளித்த இளிப்பை. அண்ணி கேட்டு முடித்து முறத்தை நகர்த்தினார். பேத்தியைக் கூப்பிட்டு, துண்டை எடுத்துப் பிழிந்து கம்பியில் போட்டார். "ராத்திரி பாட்டி உனக்கு வேற ஒண்ணு சொல்றேன்" என்றார். செருப்பைத் தேடி மாட்டினார்.

"நடங்க தம்பி. ஒரே ஒரு கண்டிஷன். நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

உப்புக்காரர் வீட்டில் தாயும் மகளும் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். அண்ணி உட்காரக்கூட இல்லை. நின்றபடியே சொன்னார். செருப்பில்லாத காலைச் சொன்னார், சாத்திய கதவைச் சொன்னார். ஒரு இடத்தில் மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு மீதியையும் சொன்னார். "எங்க வீட்டுக்காரரு அன்னிக்கு ஓடினவரும்மா. உங்கப்பாதான் மூடினாரு. எங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் வாங்கிக்கிட்டோம்."

மகள் அண்ணியைப் பார்த்தாள். பிறகு ரேடியோவைப் பார்த்தாள்.

"உள்ள போயி அப்பா என்ன பண்ணாரு? எப்படி மூடினாரு?"

ரேடியோவின் நெஞ்சுக்குள் எல்லாம் தயாராக வந்து நின்றது. தரையோடு தரையாகத் தவழ்ந்து போகிற உப்புக்காரர். கண்ணை மூடிக்கொண்டு குழாயைத் தடவித் தேடுகிற கை. அந்த நேரம் அவர் மனசில் வந்திருக்கக்கூடிய தவழ்கிற குழந்தையின் முகம். சொன்னால் இந்த அறையே அழும். இந்தப் பெண் வாழ்நாள் முழுக்க அதை வைத்துக்கொள்வாள். நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"தெரியாதும்மா" என்றார். "நாங்க எல்லாரும் வெளிய ஓடிட்டோம். உள்ள என்ன நடந்துச்சுன்னு பார்க்க ஒருத்தரும் இல்ல."

கண்டிஷனை மீறிப் பேசியவரைப் பார்த்து அண்ணி தலையசைத்தார்.

மகள் தாயின் பக்கம் திரும்பினாள். பல நாளுக்குப் பிறகு அன்றுதான் பேசினாள். "உன்கிட்டயாவது சொன்னாராம்மா? நீ சொல்லுவியே, சிங்கம் மாதிரி உள்ள பாய்ஞ்சாருன்னு. அது இல்ல. அவரு வாயால என்ன சொன்னாரு?"

தாய் முந்தானை நுனியைத் திருகினாள். சொல்லக் கூச்சப்படுகிற மாதிரி இருந்தது.

"மருந்து போடும்போது கேட்டேன். 'திருகு இறுக்கமா இருந்துச்சு'ன்னாரு."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

"இதை ஏம்மா இத்தனை நாளா சொல்லல?"

"அதுல என்னடி இருக்கு சொல்றதுக்கு?"

"திருகு இறுக்கமா இருந்துச்சு" என்று மகள் ஒரு தடவை, அப்பாவின் அந்த அடித்தொண்டைக் குரலிலேயே சொல்லிப் பார்த்தாள். அவள் உதடு கோணியது.

"இது அப்பாதாம்மா" என்றாள். "இது அப்பா சொன்னதுதான்."

எழுந்து போய்த் தாயின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அண்ணி சுவரைப் பிடித்தபடியே மெல்ல உட்கார்ந்தார். ரேடியோவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.